எல்ஸி நேரத்து எரர்

6 ஆகஸ்ட் 1984, திங்கள்

இன்றைக்கு எனக்குப் பதவி உயர்வு. யாரும் வாய் திறந்து அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

ஈப்போவில் எங்கள் தோட்டக் கம்பெனி ஆபீஸ் கம்ப்யூட்டர் போன மாதத்திலிருந்து திடீர் திடீரென்று நின்றுபோகிறது. திரையில் பச்சை எழுத்தில் 'எரர்' என்று வரும், பக்கத்தில் ஒரு நம்பர் வரும், அப்புறம் மிஷின் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிடும். அதைப் பழுது பார்க்கிற மிஸ்டர் யாப் இன்று தலைநகர் கே.எல்.லிலிருந்து வந்து பின்னால் ஒரு வயரை மாற்றினார். போகும்போது, இனிமேல் எரர் வரும்போதெல்லாம் யாராவது அதை எழுதி வைக்க வேண்டும் என்றார். எத்தனை மணிக்கு வந்தது, என்ன நம்பர், அதற்கு முன்னால் என்ன நடந்தது. தினமும் சாயங்காலம் போனில் அவருக்குப் படித்துச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் நோய் எங்கே என்று கண்டுபிடிப்பாராம்.

பெரிய கிராணி (ஹெட் கிளார்க்) உடையப்பன் சுற்றிப் பார்த்தார். "சூசை எழுதட்டும். அவன்தான் சும்மா நிக்கிறான்."

சும்மா நிற்கிறேனாம். கம்ப்யூட்டர் அறைச் சாவி யாரிடம்? என்னிடம். (கூட்டிப் பெருக்க வீரம்மாவிடம் ஒன்று இருக்கிறது, அது கணக்கில் வராது.) பிரிண்டருக்குப் பேப்பர் மாட்டுவது யார்? ஏர்கோன் போடுவது யார்? தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் முதல் மாணவன் நான். வகுப்பில் மூன்று பேர்தான் இருந்தோம், அதை இங்கே எழுத அவசியமில்லை.

அந்த மிஷினில் காலை வேலை பார்ப்பது எல்ஸி, செத்துப்போன என் தங்கச்சியின் மகள். நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். 'பேரா மாநிலத்திலேயே இவள் மாதிரி டைப் அடிக்க ஆளில்லை' என்று மேனேஜர் தொரையிடமே நேரில் சொன்னேன். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. செப்டம்பரோடு சோதனைக் காலம் முடிகிறது. மத்தியானத்துக்கு மேல் பெட்ரீசியா என்ற இன்னொரு பெண்.

எரர் புத்தகத்துக்கு நீல அட்டை போட்டேன். பார்க்க அரசாங்கப் புத்தகம் மாதிரி இருக்கிறது.

8 ஆகஸ்ட், புதன்

சீனர்களுக்குப் பேய் மாசம். தெருவெல்லாம் காகிதம் எரிக்கிறார்கள். எதிர்க்கடை வாசலில் ஆளுயர ஊதுபத்தி, வாசனை நம் ஆபீஸ் மாடிப்படி வரைக்கும் வருகிறது. எனக்கு நெஞ்சு இழுப்பு, சின்ன வயசிலிருந்தே. கொசுவத்தியைக்கூட என் மனைவி ஆலிஸ் வாசலுக்கு வெளியேதான் வைப்பாள். இந்த இழுப்பு மட்டும் இல்லாவிட்டால் நான் போலீசில் இன்ஸ்பெக்டர்.

தேத்தண்ணி நேரத்தில் பேச்சு பேய்ப் பக்கம் போனது. விட்டேன் ஒன்று. இந்தக் கட்டடம் இருக்கிற இடம் முன்னே ஈயம் எடுத்த குட்டை. அதில் ஈயம் அலசிக்கொண்டிருந்த சீனப் பொம்பளை ஒருத்தி மூழ்கிச் செத்தாள். இப்போது நம் மிஷினுக்குள் இருக்கிறாள். டிஸ்க் சுற்றும்போது ஸ்ஸ் ஸ்ஸ் என்று ஒரு சத்தம் கேட்கிறதா இல்லையா? அது அவள் தட்டில் மணலை அலசுகிற சத்தம்.

எல்லாரும் சிரித்தார்கள். வீரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் எங்கள் தோட்டத்துக்காரி, லயத்து வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுக்குப் பக்கம். புருஷன் போன பிறகு டவுனுக்கு வந்து ஆபீஸ் ஆபீஸாகக் கூட்டுகிறாள்.

"அண்ணே, காலையில நம்ம எல்ஸிப் பொண்ணு தனியாத்தானே உக்காந்திருக்கு. அது மேல ஏறிட்டா?"

"ஏறும். மொத அது மேலதான் ஏறும்."

கதைக்கு அது தேவைப்பட்டது.

13 ஆகஸ்ட், திங்கள்

வயர் மாற்றியும் போகவில்லை. முன்னைக்கு இப்போது அதிகம். நம்பரும் புது நம்பர், நாற்பத்திரண்டு. முன்னே வந்ததே இல்லை.

சாயங்காலம் யாப்புக்குப் போனில் படித்தேன். மலாயில்தான். நான் பேசுகிற மலாய்க்கு மலாய்க்காரனே கை கட்டி நிற்பான். "காலை எட்டரை. வானம் கறுத்திருந்தது. எல்ஸி விரல் வைத்ததும் மிஷின் ஒரு பெருமூச்சு விட்டது. மல்லிகைப்பூ வாசம், கோயில் வாசம், பிண வாசம், மூன்றும் கலந்து வந்தது. என் நெஞ்சு இழுத்தது. அப்புறம் நாற்பத்திரண்டு."

முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம் யாப் சொன்னார்: "பாச்சிக், வானம் வேண்டாம். மல்லிகைப்பூ வேண்டாம். உங்கள் நெஞ்சும் வேண்டாம். நேரம், நம்பர், என்ன வேலை நடந்தது. செரித்தா வேண்டாம்."

பாச்சிக் என்றால் மாமா, செரித்தா என்றால் கதை. என் மகன் வயசு இருக்கும் அவருக்கு.

வாசத்தையும் நெஞ்சையும் கோடு போட்டு அடித்தேன்.

ஆனால் ஒன்று இந்த நோட்டில் எழுதிக்கொள்கிறேன். காலையில் அந்த அறைக் கதவைத் திறந்ததும் யாரோ நெஞ்சின் மேல் முட்டி வைத்து அமுக்குகிற மாதிரி இருக்கிறது. அந்தப் பொம்பளை என் கற்பனை. எனக்குத் தெரியும். அப்புறம் ஏன் அமுக்குகிறாள்?

15 ஆகஸ்ட், புதன்

மாதா விண்ணேற்புத் திருநாள். மாதா கோயிலில் தூபம் போடும்போது வழக்கம்போல வெளியே மரத்தடியில் நின்றுகொண்டேன். கம்ப்யூட்டருக்காகச் செபமாலை சொன்ன முதல் கிறிஸ்தவன் உலகத்திலேயே நான்தான்.

17 ஆகஸ்ட், வெள்ளி

உடையப்பன் எரர் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அவர் அதைத் தொடுவார் என்று நான் நினைக்கவில்லை. விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தார்.

"சூசை. எல்லாம் காலையில வருது."

"ஆமாங்க."

"காலையில யாரு?"

அவரே பதிலும் சொன்னார்.

"பெட்ரீசியா நேரத்தில ஒன்னு ரெண்டு. எல்ஸி நேரத்தில வரிசையா நிக்குது. மிஷினுக்கு ஆள் தெரியுமா? ஒரே மிஷின், ஒரே வேலை, கை மட்டும்தான் வேற." புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார். "நல்லா எழுதியிருக்க. முத்து முத்தா."

முத்து முத்தா. நான் எழுதிய கையால் நானே அவளை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மிஷின் நின்று நின்று தோட்டத்துச் சம்பளச் சீட்டு ரெண்டு நாள் தாமதம். தொரைக்கு மேலிடத்திலிருந்து கேள்வி. யாராவது ஒருத்தரைக் காட்டியாக வேண்டும்.

18 ஆகஸ்ட், சனி

ஆலிஸிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"நீங்க வாயத் தொறந்தாலும் வெனை, பேனாவத் தொறந்தாலும் வெனையா?"

மச்சான் செபாஸ்டியன், அதாவது எல்ஸியின் அப்பா, போன வாரம்தான் தோட்டத்தை விட்டு வந்தார். தோட்டத்தை விற்றாகிவிட்டது. பால் மரமெல்லாம் சாய்த்து வீடு கட்டப் போகிறார்கள். லயத்தில் கூரையைப் பிரித்துவிட்டார்கள். அவருக்குக் கால் சரியில்லை, இனி எங்கேயும் வேலை கிடைக்காது. இங்கே புந்தோங்கில் ஒரு வீட்டில் பின்னறை எடுத்திருக்கிறார்கள், எல்ஸி வேலையை நம்பித்தான். 'கம்ப்யூட்டர் வேலை மச்சான், கவர்மெண்ட் வேலைக்கு மேல' என்று அட்வான்ஸ் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று சொன்னது யார்? நான்.

வீட்டுக்காரச் சீனரிடம், எல்ஸிக்குக் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்கள் என்றும் சொன்னேன். அதை யாரும் கேட்கவே இல்லை.

22 ஆகஸ்ட், புதன்

செய்துவிட்டேன்.

பெட்ரீசியா நேரத்தில் ரெண்டு எரர் எழுதினேன். மத்தியானம் ஒன்று, வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் ஒன்று. நம்பரும் போட்டேன். ஒன்றுக்கு நாற்பத்திரண்டு, இன்னொன்றுக்குச் சும்மா ஐம்பத்தொன்று. கொஞ்சம் மாற்றிப் போட்டால் நிஜம் மாதிரி இருக்கும். வானம், பூ, ஒன்றும் சேர்க்கவில்லை. யாப் கேட்ட மாதிரியே வறட்டு வரி.

பெட்ரீசியா நிரந்தரம் ஆனவள். அவள் மாமனார் போலீசில் இருக்கிறார். அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

24 ஆகஸ்ட், வெள்ளி

மறுபடியும் ஒன்று சேர்த்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

28 ஆகஸ்ட், செவ்வாய்

யாப் சொல்லாமல் வந்து நின்றார்.

மிஷின் தானாகவே உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுமாம். எந்த நேரம் எந்த எரர் என்று. யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அதற்குத் தெரியாது, அதற்காகத்தான் என்னை எழுதச் சொன்னாராம். முதல் நாளே இதை ஏன் சொல்லவில்லை? அவர் அதைக் காகிதத்தில் அடிக்கவைத்து என் நீலப் புத்தகத்துக்குப் பக்கத்தில் விரித்தார். நான் மாட்டிய பேப்பரிலேயே.

"ஐம்பத்தொன்று" என்றார். "பாச்சிக், இந்த மிஷினில் ஐம்பத்தொன்று என்று ஒரு எரரே கிடையாது."

கோபப்பட்டிருந்தால் தேவலை. களைத்துப் போன மாதிரி சொன்னார்.

உடையப்பனுக்குச் சொல்லவா வேண்டும். "மாமனும் மருமகளும் சேர்ந்து எழுதியிருக்காங்க. அவ சொல்ல, இவன் எழுத." எல்ஸிக்கு ஒன்றுமே தெரியாது என்று சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். என் சத்தியத்துக்கு அந்த ஆபீசில் என்ன மரியாதை என்று அப்போதுதான் பார்த்தேன். ஒருத்தரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்புறம் யாப் டிஸ்க் பெட்டியின் மூடியைத் தூக்கினார். துணி துவைக்கிற மிஷின் மாதிரி மேலே திறக்கிற மூடி. வெள்ளைத் துணியால் உள்ளே ஒரு இழுப்பு இழுத்தார். துணி பழுப்பாக வந்தது, பிசின் மாதிரி. "இங்கே யார் சிகரெட் குடிக்கிறது?" என்றார். யாருமில்லை. "இந்தத் தூசிதான் டிஸ்க்கைக் கெடுக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் துடைத்து என்ன பிரயோஜனம்?"

"காலையில இங்கேயே பசியாறுதுங்க, எண்ணெய்க் கையோட" என்றார் உடையப்பன். எல்ஸி அந்த அறையில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

அடுத்த வாரக் கடைசியில் தொரை முடிவு சொல்வாராம். அதுவரை அவள் வேலை பார்க்கலாம், சம்பளச் சீட்டுக்கு வேறு ஆளில்லை.

பஸ் ஸ்டாண்டில் எல்ஸி பின்னாலேயே வந்தாள்.

"உங்கள யாரு மாமா கேட்டா?"

"உனக்காகத்தான்..."

"முன்னாடி மிஷினு கெட்டதுக்கு நான்தான்னு நெனச்சாங்க. இப்ப திருடியும் ஆயிட்டேன் லா."

அழவில்லை. அவள் அம்மாவும் இப்படித்தான், அழ மாட்டாள். பஸ் ஏறிப் போய்விட்டாள்.

29 ஆகஸ்ட், புதன்

புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வாங்கிக்கொள்ளவும் யாருக்கும் தோன்றவில்லை. காலையில் நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு. எழுதினேன். உள்ளதை மட்டும் எழுதினேன். முத்து முத்தாக வரவில்லை.

31 ஆகஸ்ட், வெள்ளி

மெர்டேக்கா, சுதந்திர தின லீவு. எல்லாரும் ஊர்வலம் பார்க்கப் போனார்கள். நான் வீட்டில் படுத்திருந்தேன்.

படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தேன். எது நடந்தது, எது நான் சேர்த்தது. வானம் கறுத்தது நான் சேர்த்தது. பெருமூச்சு நான் சேர்த்தது. மல்லிகைப்பூ, பிண வாசம், நான்தான். கோயில் வாசம்?

தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. நானே சொல்லி நானே பயந்து, இப்போது எது என் மூக்கில் பட்டது, எது என் வாயில் வந்தது என்றே தெரியாமல் கிடக்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது.

ஒருநாள் எல்ஸியும் கேட்டாள், "என்ன மாமா வாசன?" என்று. 'எதிர்க்கடை ஊதுபத்தி' என்று சொன்னேன். ஆனால் பேய் மாசம் முடிந்துபோனது. எதிர்க்கடையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டார்கள். முந்தாநாளும் நேற்றும் காலையில் கதவைத் திறந்தபோது நெஞ்சு இழுத்ததே. நெஞ்சு பொய் சொல்லாது. அதற்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

நமக்கு முன்னால் அந்த அறையில் யாரோ இருந்திருக்கிறார்கள்.

யாரோவா, எதுவோவா.

3 செப்டம்பர், திங்கள்

வெளிச்சம் வருவதற்கு முன்னால் முதல் பஸ்ஸில் போனேன். மழைக்குப் பேர்போன தைப்பிங்கின் மழை இங்கே வழி தவறி வந்த மாதிரி கொட்டியது. மாடிப்படியை இருட்டில் தடவி ஏறினேன். கழுத்தில் செபமாலை. பயந்தால் சிரிப்பு வருகிறவன் நான், இன்று அதுவும் வரவில்லை.

கம்ப்யூட்டர் அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே சிவப்பாக ஒரு கங்கு. யாரோ முனகுகிற சத்தம். செபமாலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

வீரம்மா.

இடது கையில் மண் தூபக்கால். வலது கையால் டிஸ்க் பெட்டி மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, உள்ளே சாம்பிராணிப் புகையை விசிறிக்கொண்டிருந்தாள். பிறந்த பிள்ளைக்குக் குளிப்பாட்டித் தலைக்குக் காட்டுவார்களே, அந்தப் பதனத்தோடு. அடுத்து எல்ஸியின் நாற்காலியைச் சுற்றி மூன்று தடவை காட்டினாள். முனகினது மாரியம்மன் பேர்.

என் இருமல் கேட்டுத் திரும்பினாள். "அண்ணே, நீங்க ஏன் இங்க வாரீங்க, ஒங்களுக்குத்தான் பொக ஆவாதே. வெளிய நில்லுங்க."

"என்னம்மா பண்ற?"

"நீங்கதானே சொன்னீங்க. மொத எல்ஸி மேலதான் ஏறும்னு. அன்னிலேருந்து ஒரு நாளு விடல. அந்தச் சீனப் பொம்பள உள்ளதானே இருக்கா, அதான் மூடியத் தொறந்து போடுறேன். ஏர்கோனப் போட்டுட்டா நீங்க வர்றதுக்குள்ள பொக போயிரும்." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "பொண்ணுக்கு வேல போவுதுன்னு பேசிக்கிறாங்களே. நாளேலேருந்து இன்னும் கூடப் போடுறேன் அண்ணே."

படியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வரவில்லை. அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

பேயாகவே இருந்திருக்கலாம்.

4 செப்டம்பர், செவ்வாய்

யாரிடமும் சொல்லவில்லை. இழுப்பு ஜாஸ்தி என்று லீவு சொல்லிவிட்டேன். அது பொய் இல்லை.

வீரம்மா பேரைச் சொன்னால் எல்ஸி தப்பிவிடுவாள். வீரம்மா? கம்பெனிக்காரி இல்லை அவள். கூட்டுகிற வேலைக்கு ஆள் பிடித்துவிடுகிறவன் மூலமாக வந்தவள், வாயால் சொல்லி வாயால் நிறுத்திவிடுவார்கள். அந்தக் காண்ட்ராக்டர் கையில் இருக்கிற எல்லா ஆபீசும் போய்விடும். கம்ப்யூட்டரைக் கெடுத்தவள் என்று ஒரு பேர் கிடைத்தால் ஈப்போவில் யார் துடைப்பத்தைக் கொடுப்பார்கள்? அவள் அந்த மூடியைத் தூக்கியது யார் பேச்சைக் கேட்டு?

சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை எல்ஸி.

ஆலிஸ் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "என்னத்த இப்படி எழுதிக் கிழிக்கிறீங்க? இன்னும் எவ குடியக் கெடுக்க?" கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

யாரோ போட்டார்கள் என்று மட்டும் சொல்லலாமா? அறைக்கு ரெண்டு சாவி. உடையப்பனுக்கு ரெண்டு வரை எண்ணத் தெரியும்.

ரெண்டு சாவி.

5 செப்டம்பர், புதன்

விடியற்காலையே போய் வீரம்மாவிடம் தூபக்காலை வாங்கிக்கொண்டேன். வீட்டில் ஒரு செபத்துக்கு வேண்டும் என்றேன். சாம்பலோடு கொடுத்தாள்.

உடையப்பன் வந்து உட்காரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் காத்திருந்தேன். எத்தனையோ மாதிரி யோசித்து வைத்திருந்தேன். கனவில் மாதா வந்து சொன்னாள் என்று ஆரம்பிக்கலாம். தெலுக் இந்தானில் ஒரு சாமியார் கொடுத்த சாம்பிராணி என்று சேர்க்கலாம். நல்ல கதையாக வந்திருக்கும். தூபக்காலை அவர் மேசை மேல் வைத்தேன்.

"நான்தாங்க போட்டேன். காலையில, மிஷின் மூடியத் தொறந்து. பேய் ஓட்டுறதுக்கு."

அவ்வளவுதான் வந்தது.

உடையப்பன் தூபக்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீயா?"

"நான்தாங்க. சாவி எங்கிட்ட இருக்குல்ல."

அவருக்கு என் இழுப்பு தெரியும். லீவுக் கடிதத்தை அவர்தான் வாங்குகிறார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவர் என் நெஞ்சுப் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் போனை எடுத்தார்.

யாப் என்னிடம் பேச வேண்டும் என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டார். பேய் மாசத்திலிருந்து. எத்தனை மணிக்கு? ஆள் வருவதற்கு முன்னால். மூடியைத் தூக்கினீர்களா? தூக்கினேன். என்ன பொடி? மரப்பிசின். கேட்டதற்குப் பதில், கூட ஒரு வார்த்தை இல்லை. அவர் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. மிஷினைக் காலையில் போட்டதும் புதுத் தூசி சுற்றும், நேரம் ஆக ஆக அடங்கும், அதனால்தான் காலையிலேயே அத்தனை எரரும் என்றார். ஆபரேட்டர் மேல் தப்பில்லை என்று உடையப்பனிடம் சொல்லச் சொன்னார்.

"பாச்சிக்" என்றார் கடைசியில். "இத்தனை நாளில் இன்றைக்குத்தான் நீங்கள் எனக்கு ஒழுங்காக ஒரு விவரம் சொல்லியிருக்கிறீர்கள்."

"தெரிமா காசே" என்று நன்றி சொன்னேன்.

7 செப்டம்பர், வெள்ளி

எல்ஸிக்கு வேலை போகவில்லை. என்னைப் பற்றித் திங்கட்கிழமை முடிவு.

10 செப்டம்பர், திங்கள்

யாப் வந்து எல்லாவற்றையும் கழற்றிக் கழுவினார். தொரை என்னைக் கூப்பிட்டு அரை மணி நேரம் இங்கிலீஷில் திட்டினார். பாதிதான் புரிந்தது, அந்தப் பாதியே போதும். பழைய ஆள் என்பதால் வீட்டுக்கு அனுப்பவில்லை. தெலுக் இந்தான் பக்கம் கம்பெனி செம்பனை எண்ணெய் மில்லில் எடை மேடைக்கு அனுப்புகிறார்கள். லாரி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், மூட வேண்டும்.

ஆலிஸ் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை இறக்கித் துடைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். கடைசிவரை திட்டவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது.

13 செப்டம்பர், வியாழன்

நாற்பத்திரண்டு இல்லை. நேற்றும் இல்லை. புத்தகத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

வீரம்மாவை மாடிப்படியில் பிடித்தேன். இவளிடம் மட்டும் பழையபடி வாய் வந்தது.

"இனிமே போடாத. அவ போயிட்டா."

"நெசமாவா அண்ணே?"

"நானே பாத்தேன். ஈரச் சேலையோட ஜன்னல் வழியா எறங்கிப் போனா. கமுந்திங் போறாளாம், அங்க பாக்டரியில மிஷினு நெறைய இருக்காம். இந்த எடத்துல ஒரே பொக, மூச்சு முட்டுதுன்னு சொல்லிட்டுப் போறா."

"சீனப் பொம்பள சேலையா கட்டியிருந்தா?"

"அவசரத்துல யாரோடதையோ எடுத்துக் கட்டியிருக்கா."

வீரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேய் மாசம் வந்ததிலிருந்து அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். "என் சாம்பிராணிதான் அண்ணே" என்றாள்.

"ஒன் சாம்பிராணியேதான்."

29 செப்டம்பர், சனி

எல்ஸிக்கு நிரந்தரம். மச்சான் செபாஸ்டியன் பின்னறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாராம். எல்ஸி என்னோடு பேசுவதில்லை. அவளைப் பொறுத்தவரை, பேயோட்டப் போய் அவள் வேலையையே ஓட்டப் பார்த்தவன் நான். நியாயம்தான்.

நாளைக்கு தெலுக் இந்தானுக்கு பஸ்.

2 நவம்பர், வெள்ளி

கல்லறைத் திருநாள். ஒரு நாள் லீவு வாங்கிக்கொண்டு ஈப்போ வந்தேன். மில்லில் ஒன்றும் விசேஷமில்லை. லாரி வருகிறது, போகிறது. எடை காட்டுகிற பெட்டியில் சிவப்பு விளக்கில் நம்பர் வரும், அதைப் பார்த்து எழுதுகிறேன். நம்பரை மட்டும்.

தங்கச்சி கல்லறைக்கு எல்ஸி எனக்கு முன்னாலேயே வந்து புல் பிடுங்கியிருந்தாள். மெழுகுவத்தி ஏற்றினோம். அப்புறம் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். "வீரம்மாக்கா கொடுத்துச்சு. அம்மாவுக்குப் போடச் சொல்லிச்சு."

கரியை ஊதி சாம்பிராணியைத் தூவினாள். காற்று என் பக்கம் அடித்தது. ஒரே இழுப்புதான், நெஞ்சு அடைத்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் ஊற்ற, குனிந்து, தடுமாறி, மூன்று கல்லறை தள்ளிப் போய் மரத்தடியில் உட்கார்ந்தேன். மூச்சு விசில் மாதிரி அடிக்கிறது. ஜனங்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

எல்ஸி அங்கேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம். அப்புறம் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள்.

தண்ணீர்ப் போத்தலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா. ஆபீஸ்ல தெனமும் நீங்கதான் போட்டீங்க."

"ஆமா லா."

"மூடியத் தூக்கி. குனிஞ்சு. உள்ள."

"ஆமா."

அதற்கு மேல் கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. என் முதுகைத் தடவிக் கொடுத்தாள், மேலிருந்து கீழே, வீரம்மா அன்றைக்குத் தடவின மாதிரியே. பிறகு எழுந்து போய்த் தூபக்காலைத் தூக்கி, புகை எனக்கு வராதபடி கல்லறையின் அந்தப் பக்கம் வைத்தாள்.

"வீரம்மாக்கா கேக்கும் மாமா. என்ன சொல்றது?"

"நல்லா மணந்துச்சுன்னு சொல்லு."